கந்தூராவின் வெண்மை

வளைகுடா வாழ்க்கையை எழுதிய கதைகளில் மணல் வந்துவிடுகிறது. வெயில் வந்துவிடுகிறது. சாரம் கட்டிய கட்டடம், ஏமாற்றிய ஏஜெண்ட், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளி எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த முதலாளி அணிந்திருக்கும் வெள்ளை அங்கியும் தவறாமல் வருகிறது. அது எப்படி அத்தனை வெள்ளையாக இருக்கிறது என்று எந்தக் கதையும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலும் புழுதியிலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட மாற்றப்படுகிற உடை அது. எமிரேட்ஸில் கந்தூரா, சவூதியிலும் கத்தாரிலும் தோப், குவைத்தில் திஷ்தாஷா. பெயர் எதுவானாலும் தோளிலிருந்து கணுக்கால்வரை மடிப்புப் பிசகாமல் விழ வேண்டும். அதைக் கழுவி, கஞ்சி போட்டு, நீராவி இஸ்திரி பிடித்த ஆள் கதைக்கு வெளியே நிற்கிறான்.

அந்த ஆளைத் தேடித்தான் சில புத்தகங்களை மறுபடி எடுத்தேன். தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் ஒரு சலவைக்கடையின் கவுண்டரில் நாலரை வருஷம் நின்றவன் நான். இது நினைவுக் கட்டுரை அல்ல. ஆனால் ஒரு தொழிலில் இருந்தவன் படிக்கும்போது, கைக்குத் தெரிந்தது கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. அதை ஒளித்து வைத்துக்கொண்டு விமர்சனம் எழுத எனக்கு வராது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எங்கள் கடைப் பலகையில் அரபியில் மஸ்பகா என்று எழுதியிருந்தது. சாயம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். நேராகப் பெயர்த்தால் சாயப்பட்டறை. துணிக்கு நிறம் ஏற்றுகிற இடத்தின் பெயர் துணியை வெளுக்கிற இடத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. வளைகுடாப் பேச்சரபியில் இன்னொரு சொல்லும் உண்டு: தோபி. நம் துணைக்கண்டத்துத் தோபியேதான். சிங்கப்பூரில் தோபி காட் என்று ரயில் நிலையமாகி நிற்பதும் அதே சொல்தான். வயதான அரபிகள் சிலர் கடைக்குள் வந்ததும் "தோபி" என்று குரல் கொடுப்பார்கள். எங்களில் ஒருவரும் திரும்ப மாட்டோம். அவர்களுக்கு அது தையல்காரர், தச்சர் என்பது போல ஒரு தொழிலின் பெயர். எங்கள் காதில் சாதியின் பெயராக விழுந்தது.

நம் இலக்கியத்தில் இந்த ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தத் திரும்பாத தலைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லாக் காலத்திலும் இல்லாமல் இல்லை. சங்கப் புலவர்களுக்குப் பார்ப்பதில் கூச்சம் இருக்கவில்லை. நற்றிணை 90ஆம் பாட்டில் திருவிழா நடக்கும் ஊர். வெளுப்பவளுக்குக் கை ஓய்வில்லை. அவள் இரவில் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் கொடுத்த உடையைத்தான் விழாவுக்கு வந்தவள் உடுத்தியிருக்கிறாள். எழுதியவர் அஞ்சில் அஞ்சியார். பாட்டின் விஷயம் வேறு, ஊடலும் ஊஞ்சலும். ஆனால் விழா வந்தால் யாருக்கு இரவு வேலை கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெருநாளுக்கு முந்தைய மூன்று இரவுகள் சலவைக்கடையில் நின்றவர்கள் அந்த வரிகளைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

குறுந்தொகை 330 எனக்கு இன்னும் நெருக்கமானது. வெளுப்பவள் துணியைப் பசையில் தோய்த்தெடுத்து, முதல் அடி அடித்துவிட்டு, குளிர்ந்த குளத்தில் போடுகிறாள். துணி பிரியவில்லை, தடித்த திரியாக முறுக்கிக்கொண்டு நீரில் கிடக்கிறது. பகன்றைப் பூ அவிழும்போது அப்படி இருக்கிறதாம். கஞ்சி ஏறிய பருத்தித் துணியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காதவருக்கு இந்த உவமை தோன்றியிருக்காது. ஆனால் நான் அந்தப் பாட்டில் நிற்பது உவமைக்காக மட்டும் அல்ல. அது பிரிந்து போனவனைப் பற்றிய பாட்டு. அவர் போயிருக்கும் நாட்டில் இந்தத் துயரம் தரும் மாலையும் தனிமையும் கிடையாதா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். வெளியூர் போன கணவன், கஞ்சித் துணி, மாலை நேரம் மூன்றையும் கழார்க்கீரன் எயிற்றியார் ஒரே பாட்டில் வைத்துவிட்டார். நாம் அந்தக் கணவனை விமானம் ஏற்றி அனுப்பி, அந்தத் துணியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம். பாட்டு மட்டும் அதற்குப்பின் எழுதப்படவில்லை.

பெரியபுராணத்தில் வருகிற திருக்குறிப்புத் தொண்டரின் கதையைப் பக்திக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். காஞ்சிபுரத்து ஏகாலியர். அடியார் மனத்தில் இருப்பதைக் குறிப்பால் அறிந்து துணி வெளுத்துக் கொடுப்பவர். கந்தலோடு வந்த முதியவர், பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தர வேண்டும் என்கிறார். இவர் ஒப்புக்கொள்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. சொன்ன நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார்; சிவனின் கை வந்து தடுக்கிறது. டெலிவரி நேரத்துக்காக உயிரை விடத் துணிந்தவனின் கதை என்று இதைச் சொன்னால் சைவ நண்பர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் வாடிக்கையாளர் கவுண்டரில் வந்து நிற்க, உள்ளே மேஜையில் அவருடைய கந்தூராவின் மார்பில் இஸ்திரிச் சூட்டில் பழுப்பு விழுந்திருக்க, அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவனுக்கு அந்த மோதல் பக்திப் பரவசமாகத் தெரியாது. பாழான துணியின் விலையை யாருடைய சம்பளத்தில் பிடிப்பது என்ற பேச்சில்தான் எங்கள் கடையில் எப்போதும் அது முடிந்தது. தடுக்க எந்தக் கையும் வந்ததில்லை.

நவீன எழுத்துக்கு வந்தால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). வெளுப்பு வேலையைப் பற்றித் தமிழில் வந்ததில் மிகப் பெரிய ஆக்கம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆரோக்கியம் தலித் தெருவுக்குத் துணி வெளுப்பவள். வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுக்கிறாள். பிறப்பிலும் சாவிலும் அவள் இல்லாமல் காரியம் நடக்காது. களத்தில் அவளுக்குக் கிடைக்கும் தானியமோ வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. நாவல் வந்தபோது சுந்தர ராமசாமி பெரிதும் பாராட்டினார். தலித்துகளுக்குள் இருக்கும் படிநிலையை இப்படிக் காட்டலாமா என்று எதிர்ப்பும் எழுந்தது. அந்த விவாதத்தில் நான் இமையத்தின் பக்கம். ஒடுக்கப்பட்டவரின் அழுக்கையும் வெளுக்க ஒருவர் தேவைப்பட்டார் என்பதை எழுதாமல் சாதியை எழுதிவிட முடியாது.

ஆனால் நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. நாவல் ஆரோக்கியத்தோடு தங்கிவிடுகிறது; கிளம்பிப் போகிறவர்களோடு போவதில்லை. மூத்த மகன் ஜோசப் மனைவியோடு ஊரைவிட்டுப் போகும்போது நமக்குக் கிடைப்பது தாயின் ஒப்பாரி. போன இடத்தில் அவன் கை என்ன செய்தது என்பது கிடைப்பதில்லை. தாயை எழுத வந்த நாவலிடம் மகனைக் கேட்பது நியாயமா என்றால், நியாயமில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன். ஏனென்றால் அந்த மகன்கள் போன பாதையை முப்பது வருஷமாக வேறு யாரும் எழுதவில்லை. இலங்கையில் கே. டானியல் 'பஞ்சமர்' என்று நாவலுக்குப் பெயர் வைத்தபோது ஐவரில் ஒருவராக வண்ணாரும் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கட்டாடியின் பேரப்பிள்ளைகள் டொரொண்டோவிலும் பாரிஸிலும் என்ன ஆனார்கள் என்பதும் இதே மாதிரி எழுதப்படாமல் கிடக்கிறது.

இரவு என்ற விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1932 டிசம்பரில் தி இந்து நாளிதழில் ஒரு செய்தி வந்தது. அம்பேத்கர் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். திருநெல்வேலி மாவட்டத்தில் புரத வண்ணார் என்று ஒரு பிரிவினர் பகலில் வெளியே வரக்கூடாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் தீண்டப்படாதோரின் துணிகளை வெளுக்க வேண்டும். தீண்டாமைக்கும் அப்பால் காணாமை. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆறும் காடும் துணியுமாக முதல் பாதியில் அந்தப் படம் உழைப்பைப் பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கும். பிறகு அது தொன்மத்துக்குள் போய், பலியான பெண் தெய்வமாகிறாள். நம் கலை அடிக்கடி செய்கிற வேலை இது. துணி வெளுக்கும் பெண்ணைத் தெய்வமாக்குவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அவள் அண்ணன் நாற்பது வயதில் அஜ்மானில் நைட் ஷிஃப்ட் பார்ப்பதை எழுதுவதுதான் கடினம்.

எங்கள் கடையின் பின்கட்டில் இரண்டு பிரஸ் மேஜைகள் எதிரெதிராக இருந்தன. ஒன்றில் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம், பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்கிற சாதி. வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் சரி, பிறகு போனிலும் சரி, 'கம்பெனியில் சூப்பர்வைசர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் போட்டோ கேட்டார்கள் என்று கவுண்டரில் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார். எதிர் மேஜையில் திருநெல்வேலிக்காரர். அவர்தான் கடையிலேயே வேகமான கை. ஒரு பெருநாள் இரவு, மூன்று மணிக்கு, சுலைமானி குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

"அண்ணே, இவ்வளவு சுத்தமா மடிக்கிறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான் தம்பி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மொத ஆறு மாசம் வேணும்னே தப்புத் தப்பா மடிச்சேன். கை காட்டிக் குடுத்துரும்லா."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவர் தன் வேலையை ஊருக்கு மறைத்தார். இன்னொருவர் தன் ஊரை வேலையிடத்துக்கு மறைத்தார். இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே அறை, மேலும் கீழுமாக ஒரே இரும்புக் கட்டில். வளைகுடா சாதியைக் கலைத்துப் போட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் பாதி உண்மை பேசுகிறார்கள். விசா தாளில் தொழிலின் பெயருக்குச் சாதி இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற மனிதர்களுக்கு இருந்தது. ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம் அந்த இரண்டு மேஜைகளுக்கு நடுவில், நாலடி இடைவெளியில் கிடந்தது.

அப்படியானால் வளைகுடாவை எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' (2008) இல்லாமல் இந்தப் பேச்சு நகராது. நான் அதைத் துணியின் வழியாகப் படிக்கிறேன். நஜீப் ஊரில் ஆற்று மணல் அள்ளியவன், தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்தவன். ரியாதில் இறங்கியதும் அவனைக் கூட்டிப்போக வந்த அர்பாபிடம் முதலில் அவன் உணர்வது நாற்றம். அழுக்கு உடை உடுத்திய அரபி. நம் மனத்தில் இருக்கும் அத்தர் மணக்கும் வெள்ளை அங்கிக்கு நேர் எதிர். அந்த அழுக்கிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் காலைக்கடன் கழித்துவிட்டுக் கழுவத் தண்ணீர் எடுத்ததற்காக அடி விழுகிறது. மலையாளி வாசகர்களை உலுக்கியது ஆடுகளைவிட அந்தத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் ரியாத்தில் குஞ்ஞிக்காவின் கவனிப்பில் அவன் அழுக்கு நீங்கி மறுபடி மனிதனாகிறான். அழுக்கு என்றால் அடிமைத்தனம், சுத்தம் என்றால் விடுதலை என்பதுதான் அந்த நாவலின் கணக்கு. நாவலாக அது வலுவான கணக்கு. ஆனால் அதே நாட்டில், அதே ஸ்பான்சர் முறையின் கீழ், நாள் முழுவதும் தண்ணீரிலும் சோப்பிலும் கை ஊறிக் கிடக்கிற ஒருவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவன் சுத்தத்துக்குள் கட்டுண்டவன்.

'ஆடு ஜீவித'த்தின் வெற்றி ஒரு தீங்கும் செய்தது. வளைகுடாக் கதை என்றால் நரகமாக இருக்க வேண்டும் என்று பதிப்பாளரும் வாசகரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தப்பித்து ஓடினால்தான் கதை. ஓடாமல் இருபத்திரண்டு வருஷம் ஒரே மேஜையில் நின்றவனுக்கு என்ன கதை? தமிழில் ஆபிதீனின் துபாய்க் கதைகள் இந்த வலையில் விழாதவை. அவருடைய கிண்டல் அவரைக் காப்பாற்றுகிறது. மீரான் மைதீனின் 'அஜ்னபி' சவூதியில் பிழைக்கப் போனவர்களின் பேச்சையும் சிரிப்பையும் தக்க வைத்திருக்கிறது. தீபக் உன்னிகிருஷ்ணனின் ஆங்கிலக் கதைத் தொகுப்பான 'டெம்பரரி பீப்பிள்' (2017) மாயக் கதையின் பக்கம் போயிற்று. கட்டடத்திலிருந்து விழுந்த தொழிலாளர்களை இரவில் தேடிப் போய் ஒட்டித் தைத்து நிமிர்த்துகிற ஒரு பெண் அதில் வருகிறாள். நல்ல கற்பனை. இருந்தாலும் படிக்கும்போது எனக்குள் ஒரு முணுமுணுப்பு: ஐயா, மாயம் வேண்டாம், எங்கள் ஸ்பாட்டரைப் பாருங்கள்.

ஸ்பாட்டர் என்பவர் கறை எடுப்பவர். சலவைக்கடையில் வேலைகளுக்கு ஒரு ஏணி உண்டு. துணி பிரித்துக் குறி போடுகிறவர், மெஷினில் போடுகிறவர், பேண்ட் சட்டை பிரஸ் பண்ணுகிறவர், அவருக்கு மேலே கந்தூராவும் குத்ராவும் பிரஸ் பண்ணுகிறவர். குத்ராவின் நெற்றி மடிப்புக்கு எவ்வளவு கஞ்சி, எத்தனை தடவை நீராவி என்பது வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். திருக்குறிப்புத் தொண்டர் வேலைதான். எல்லோருக்கும் மேலே ஸ்பாட்டர். அவர் கறையைப் படிக்கிறார். ரத்தமா, குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் இறுகிவிடும். தேநீரும் பேரீச்சம்பழமும் ஒரு வகை, எண்ணெயும் ஊதும் இன்னொரு வகை. பிரியாணி மஞ்சளின் மேல் சோப்பு பட்டால் சிவக்கும். விஷயம் தெரியாதவன் ரத்தம் என்று நினைத்துப் பதறுவான். வாடிக்கையாளர் சொல்வதை ஸ்பாட்டர் நம்புவதில்லை, துணி சொல்வதைத்தான் நம்புவார். பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கிற படிப்பு இது. இந்த அறிவைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. நம் எழுத்தாளர்கள் தொழிலாளியின் வலியை மதிக்கிறார்கள். அவனுடைய திறமை கண்ணில் பட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

வலி இல்லையென்று சொல்லவில்லை. டிரை கிளீனிங்கில் உலர்ந்தது எதுவும் கிடையாது. தண்ணீருக்குப் பதில் வேறொரு திரவம், அவ்வளவுதான். நெடுங்காலமாக அது பெர்க் என்று சுருக்கிச் சொல்லப்படும் பெர்குளோரோஎத்திலீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திய பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில்தான் சலவைத் தொழிலிலிருந்து அதைப் பத்து வருஷத்தில் விலக்க விதி கொண்டுவந்தது. இனிப்பு மாதிரி ஒரு வாசனை வரும். மெஷின் கதவைத் திறந்ததும் தலை லேசாகும். எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது பொருந்தாது. அவன் மேல் வெயில் படவில்லையே. பணிக்கொடைக் கணக்கும் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது: முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள். இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்கு 615 நாள். இந்த எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டே ஒருவன் தினமும் நூறு கந்தூரா தேய்க்கிறான். நரகம் என்ற சொல்லும் இதற்குப் பொருந்தாது, வாழ்க்கை வெற்றி என்ற சொல்லும் பொருந்தாது. பொருந்துகிற சொல்லைக் கண்டுபிடிப்பது நாவலாசிரியரின் வேலை.

இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். அமெரிக்கா போன சீனர்கள் சலவைக்கடையை வெட்கமாகவும் வைத்திருந்தார்கள், எழுத்தாகவும் ஆக்கினார்கள். சீனர்களை நாட்டுக்குள் விடாத சட்டம் 1882இல் வந்தது. நான்கு வருஷம் கழித்து, சான்பிரான்சிஸ்கோ நகரம் சீனச் சலவைக்காரர்களுக்கு மட்டும் அனுமதி மறுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. யிக் வோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சீனக் கவிஞர் வென் யிதுவோ அமெரிக்காவில் படித்தவர். சலவைக்காரர்களைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். சிகாகோவில் பால் சியூ என்ற சமூகவியல் மாணவர் இருந்தார். சலவைக்காரரின் மகன். சலவைக்கடைகளுக்குச் சாமான் விற்றுக்கொண்டே கடை கடையாகப் போய் அவர்கள் பேச்சைக் கேட்டு 1953இல் ஆய்வேட்டை முடித்தார். அது புத்தகமாக வர 1987 ஆயிற்று. வந்த நாட்டில் ஒட்டாமல், போக வேண்டிய ஊரையே நினைத்துக்கொண்டு, போகாமலும் வருஷங்களைக் கழிக்கிற மனிதனை அவர் 'தங்கிச் செல்பவன்' என்ற கருத்தாக வகுத்தார். புலம்பெயர்வு ஆய்வில் நிலைத்துவிட்ட அந்தக் கருத்து ஓர் இஸ்திரி மேஜையிலிருந்து பிறந்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. சிகாகோ சீனருக்குக் கடை சொந்தம், தனிமையும் சொந்தம். என் காலத்து ஷார்ஜாவில் கடையில் 51 பங்கு உள்ளூர்க்காரர் பெயரில் இருந்தாக வேண்டும், தொழிலாளிக்குக் கடையின் ஆணிகூடச் சொந்தமில்லை. சியூவின் மனிதன் மனத்தால் தங்கிச் செல்பவன். எங்களைச் சட்டமே அப்படி ஆக்கி வைத்திருந்தது.

மாக்ஸீன் ஹாங் கிங்ஸ்டனின் 'தி உமன் வாரியர்' (1976) நூலில் ஓர் இடம் வருகிறது. கலிபோர்னியாவில் பெற்றோரின் சலவைக்கடை. கோடை மதியத்தில் கடைக்குள் 111 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 44. அப்போது அப்பாவோ அம்மாவோ, இனிப் பேய்க்கதை சொல்ல நேரமாயிற்று என்பார்கள். முதுகு சில்லிட வேண்டுமே. சலவை வேலையிலிருந்து கதை பிறக்கும் தருணத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்ன வேறு புத்தகம் எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தை கடைக்குள்ளேயே வளர்ந்தது, அதனால் கேட்டது, எழுதியது. நம் பிரஸ்மேனின் மகள் கடையைப் பார்த்ததே இல்லை. குடும்ப விசாவுக்குச் சம்பளம் எட்டாது. அவளுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற போட்டோ. கதை கைமாறவில்லை.

எங்கள் பின்கட்டிலும் பேய்க்கதை இருந்தது. வாங்கப்படாத துணிகளின் கம்பி. ரசீதில் பொடி எழுத்தில் இத்தனை நாளுக்குமேல் பொறுப்பில்லை என்று போட்டிருக்கும், ஆனாலும் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. வேலை போய், விசா கேன்சலாகி, ஒரே இரவில் ஊருக்குப் போனவர்களின் கோட்டு; ஒரு கல்யாணப் பட்டுப்புடவை; பள்ளிச் சீருடை. ஒவ்வொன்றிலும் காலருக்கு உள்ளே எண் எழுதிய துண்டு. ஊரில் சேங்கொட்டை மையில் வண்ணார் போட்ட குறியின் பேரன் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஊர் சொன்ன ஆள், ஊரில் எல்லோருடைய துணியையும் தனித்தனி எழுத்தால் அறிந்திருந்தார். எங்கள் திருநெல்வேலிக்காரர் அந்தக் கம்பியை மாதம் ஒருமுறை தூசி தட்டி, பாலித்தீனை மாற்றி, திரும்ப மாட்டுவார். யாரும் அவரிடம் செய்யச் சொன்னதில்லை.

எழுதக் கை பரபரக்கும் இளைஞர்கள் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்று தெரியும். ஒரு தேதியை மட்டும் அவர்களுக்குத் தருகிறேன். 1990 ஆகஸ்ட் 2, விடியும் முன்பு இராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு அம்மான் வழியாக ஏர் இந்தியா ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. படமெல்லாம் வந்துவிட்டது, விமானங்களைப் பற்றி. அன்று வியாழக்கிழமை. சலவைக்கடையில் வாரத்திலேயே கனமான நாள். வெள்ளித் தொழுகைக்கான திஷ்தாஷாக்கள் புதன் இரவே தேய்க்கப்பட்டு, கஞ்சி விறைப்போடு, எண் துண்டு குத்தி, கடை கடையாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். தேய்த்தவனும் ஊரைவிட்டு ஓட வேண்டும், போட வேண்டியவனும் ஓட வேண்டும். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் யார், அவர் பாய்லரை அணைத்தாரா?